மூன்று கை கோதுமை மாவு

என் மனைவியின் மாவுத் தகரத்தில் அவளுக்குத் தெரியாமல் மூன்று கை கோதுமை மாவைக் கலந்தவன் நான். தவறிக் கலந்ததல்ல, வேண்டுமென்றே செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது எளிது.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். மலாயாவில் சிகாமட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் தேறியவன் என்பதால் எதற்கும் என்னிடம் வந்து கேட்பார்கள். கேட்காததற்கும் நான் பதில் சொல்வேன். என் மனைவி நாகப்பட்டினத்தில் ரொட்டிக் கிடங்குக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவள். காலையில் காப்பியில் தொட்டுத் தின்ன ஒரு துண்டு ரொட்டி இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்ததாகவே இராது. மகள் பிறந்த பிறகு அந்த ரொட்டி அவளுக்கு ஆகாமல் போயிற்று. தின்ற அன்று வயிறு உப்பும், மறுநாள் பேதியாகும், ஒரு வாரத்துக்கு நடமாட முடியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் பல மாதம் பார்த்துவிட்டு, "கோதுமை உங்களுக்கு ஒத்துக்கலம்மா, விட்டுடுங்க" என்றார். விட்டாள், உடம்பு தேறியது.

நான் நம்பவில்லை. உலகத்தில் பாதிப் பேர் உண்ணும் தானியம் ஒருத்தியை மட்டும் எப்படிக் கெடுக்கும்? எல்லாம் மனப்பிராந்தி என்று சொன்னேன். அவள் என்னோடு வாதாடவில்லை. "கோதுமை இல்லாம ரொட்டி சுட்டுக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைப் படுக்க வைத்து, மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டு அடுப்பாக்கிக்கொண்டாள். புளிக்க வைக்கக் கள் வேண்டும். கிராணி வீட்டுப் பெண் கள்ளுக்கடைப் பக்கம் போக முடியாது. நானும் போக மாட்டேன் என்றேன். கள் இறக்குகிறவரின் மனைவியிடம் பேசி, விடியலில் கொல்லைப்புறமாக ஒரு குவளை வரும்படி செய்துகொண்டாள்.

அரிசி மாவு ரொட்டி தொட்டால் உதிர்ந்தது. மரவள்ளி மாவு ரொட்டி உள்ளே பசையாக நின்றது. சவ்வரிசி மாவில் சுட்டதை நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, "இதை ஸ்டோருக்கு அனுப்பினா ரப்பர் ஷீட்டுன்னு எடை போட்டுக்குவான்" என்றேன். அடுத்த வீட்டு டிரஸர் மனைவி ஒரு துண்டை மேசையில் தட்டிப் பார்த்து மலாய்ப் பேச்சில் வியந்தாள்.

"அலமாக், இது ரொட்டியா அம்மிக் குழவியாக்கா?"

"குழவிதான். நாளைக்கு உங்க வீட்டு மசாலாவை இங்க கொண்டாங்க, அரைச்சுத் தரேன்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அடுத்த ஈட்டுக்கு அரிசி ஊறப்போட்டாள்.

இப்படி மூன்று மாதம் போயிற்று. மரவள்ளி மாவில் ஒரு பங்கை முதலில் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால் மற்ற மாவு உதிராமல் பிடிக்கும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். வாழைக்காயைச் சீவிக் காயவைத்து இடித்தும் சேர்க்கத் தொடங்கினாள். அந்த மாவைக் கலந்து தகரத்தில் மூடி வைத்திருந்த ஒரு சனிக்கிழமை பிற்பகல், அவள் குளிக்கப் போயிருந்தபோது, மூன்று கை அள்ளிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, எனக்கும் மகளுக்கும் வைத்திருந்த கோதுமை மாவிலிருந்து மூன்று கை எடுத்துப் போட்டுக் கலந்தேன். அவள் தின்பாள், ஒன்றும் ஆகாது, பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்பது என் திட்டம்.

மறுநாள் ரொட்டி, மாவு வார்த்த கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது. டிரஸர் மனைவி இரண்டு துண்டு தின்றுவிட்டு, "கடை ரொட்டி தோத்துச்சுக்கா" என்றாள். என் மனைவி மூன்று துண்டு தின்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அந்த நாட்டில் பார்த்ததில்லை.

இரவுக்குள் வயிறு பிடித்துக்கொண்டது. எட்டு நாள் படுக்கை. டிரஸர் வந்து, "கோதுமை ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது அவள் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "இல்லையே" என்றேன்.

எழுந்ததும் அவள் குற்றவாளியைத் தேடினாள். புதிதாகச் சேர்த்தது வாழைக்காய், அதனால் அதை நிறுத்தினாள். சந்தேகம் தீராமல் மரவள்ளியை விட்டாள், பிறகு கள் ஊற்றிய ஆப்பத்தை. அவளுக்குத் தீங்கு செய்யாத ஒவ்வொன்றும் அவள் தட்டிலிருந்து போனது. நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய இரண்டு மாதம். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, "அரிசியும் சேரலியோ என்னமோங்க. நாளையிலேர்ந்து அதையும் நிறுத்திப் பாக்கிறேன்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன்.

அவள் அழவில்லை. "எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டாள்.

"மூணு கை."

"உங்க கையாலயா?"

"ஆமா."

"அப்ப வாழக்கா மேல தப்பில்ல. மரவள்ளி மேலயும் இல்ல" என்றாள். பிறகு, மெதுவாக, "அந்த ரொட்டி எழும்பினதும் என்னால இல்ல." கஞ்சியை இழுத்து வைத்து முழுவதும் குடித்தாள். மறுநாள் காலை கொல்லையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மாவுத் தகரத்துக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி அவள் தாலிக் கயிற்றில் தொங்கியது.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு ஒரு ரொட்டி வாய்த்தது. உயரம் நான்கு விரல் இருக்கும். மேல்பக்கம் வெடித்திருந்தது. ஆனால் கத்திக்கு ஒழுங்காக அறுபட்டது, காப்பியில் தொட்டால் கரையவில்லை. ஒரு வாரமாகத் தினமும் தின்று, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே டிரஸர் மனைவியைக் கூப்பிட்டாள்.

வந்தவள் ரொட்டியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அன்னிக்கு அவ்வளவு ஒசரமா வந்துச்சு. கைப்பக்குவம் போயிருச்சா?" என்றாள்.

நான் அங்கேதான் இருந்தேன். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இடம் கொடுப்பதுபோலக் கத்தியை இரண்டு பக்கமும் துடைத்தாள். பிறகு அவளே சொன்னாள்: "அன்னிக்கு வந்தது என் ரொட்டி இல்ல. இதுதான் என்னோடது. சாப்பிட்டுப் பாருங்க."

"அப்ப அது யாரோடது?" என்று சிரித்தபடி டிரஸர் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் எழுந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது மூவருக்கும் தெரியும்.