ஒரு பக்கம் சரியும் மூக்குக்கண்ணாடி

அக்கா வீட்டு முன்னறை அலுமாரியில், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில், அக்காவின் மகளான என் மருமகளின் பழைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. விரித்து மேசையில் வைத்தால் ஒரு பக்கம் சரியும். காதில் மாட்டும் கம்பிகளில் இடப்பக்கத்தை மட்டும் கண்ணாடிக் கடைக்காரர் சூடாக்கிக் கீழே வளைத்துவிட்டார். அவளுடைய இடது காதின் மேல்விளிம்பு இப்போது அவ்வளவு கீழேதான் இருக்கிறது. எதையும் நேராக வைத்துப் பழகியவன் நான். அந்தக் கண்ணாடியைக் கண்டால் இன்றும் கை தானாக நீளும்.

அவள் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தபோது, தோழிகளோடு சேர்ந்து மணிக்கட்டில் பச்சை குத்த ஆசைப்பட்டாள். டட்டூ என்றாள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்கா எனக்குப் போன் எடுத்தாள். "தம்பி, நீ ஒருக்கா வந்து சொல்லு. நான் சொன்னால் ஏறாது." ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்கும் குத்துவது, இரத்தத்தால் பரவும் ஈரல் நோய், மையால் வரும் ஒவ்வாமை எல்லாவற்றையும் மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். அவளுக்கு அவை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தன. "ஊசி புதுசோ எண்டு பாக்காமல் கையை நீட்டுவனோ, மாமா? என்னை என்னெண்டு நினைச்சியள்?" என்று சிரித்தாள்.

கடைசியில் அக்காவின் கண்ணீருக்கு இரங்கி, பச்சை வேண்டாம், இடது காதின் மேற்பக்கத்தில் ஒரு தோடு மட்டும் என்றாள். அக்காவின் முகம் அந்தக் கணமே தெளிந்தது. எங்கள் வீடுகளில் காது குத்துவது பயப்படும் காரியமல்ல, பலகாரம் சுட்டுக் கொண்டாடும் காரியம். இருந்த பயம் முழுவதையும் பச்சையின்மேலேயே செலவழித்திருந்தோம். "அம்மாவுக்குப் பச்சை எண்டால் செத்த வீடு, காது எண்டால் கலியாண வீடு" என்று மருமகள் கேலி செய்தாள்.

கண்டி நகரில் ஒரு ஃபேன்சிக் கடையில், துப்பாக்கி போன்ற கருவியால் குத்தினார்கள். தோட்டின் உறையைத் தன் கண்முன்னே பிரிக்கச் சொன்னாளாம். காதின் கீழே மெதுவாகத் தொங்கும் சோணைக்கு எடுக்கும் அந்தக் கருவி மேல்காதை நசுக்கிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காது சிவந்தபோது, குழந்தையில் காது குத்தியபோது செய்ததைத்தான் அக்கா செய்தாள். தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து இளஞ்சூட்டில் பூசினாள், காலையும் மாலையும் தோட்டைத் திருகினாள், பிறகு அதைக் கழற்றித் தன் பொன் தோட்டைப் போட்டாள். "பொன் பட்டால் ஆறிடும், பிள்ளை." ஊசியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவள் தாயின் விரலுக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் காதைக் கொடுத்தாள். போனில் என்னிடம், "ஒரு காதிலை பப்படம் பொரியுது, மாமா" என்றாள். நானும் சிரித்தேன்.

காய்ச்சல் வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோணை மட்டும் பழையபடி இருக்க, மேல்காது முழுவதும் வீங்கிப் புடைத்து நின்றது. பார்த்த டொக்டர் மலைநாட்டுப் பெண், மருமகளைவிடச் சில வயதுதான் மூத்தவர். "மேல இருக்கிறது குருத்தெலும்புங்க. அங்க ரத்தம் அவ்வளவா போகாது. கிருமி உள்ள போயிட்டா மருந்து போய்ச் சேர்றதே கஷ்டம். சிவந்த அன்னைக்கே வந்திருக்கணும்."

"எண்ணெய் பூசினதாலையோ?" என்று மருமகள் கேட்டாள்.

"எண்ணெய் மேல மட்டும் பழி போட முடியாது. அதை நம்பி வீட்லயே இருந்துட்டீங்களே, அதான்."

கீறிச் சீழை எடுத்தார்கள். காது தப்பியது, அதன் வடிவம் தப்பவில்லை. அக்கா வந்து சேருமுன் மருமகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, எண்ணெய்க் கதையை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. தாங்கமாட்டா. கடைக்காரன்ரை பிழை எண்டே இருக்கட்டும்." நான் சொல்லவில்லை. அதன்பின் அக்கா கடைக்காரனைத் திட்டும்போதெல்லாம் அவள் "ஓம், அம்மா" என்பாள். வீட்டுக்குள்ளும் கூந்தலை இடப்பக்கம் இறக்கியே விட்டிருப்பாள்.

பிள்ளைகளுக்கு ஆபத்துத் தெரியாது என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு அவள் நினைவு வரும். அந்நியன் கையிலிருக்கும் ஊசியை அவர்கள் சந்தேகிப்பார்கள். அன்போடு பூசும் விரலை யார்தான் சந்தேகிப்பார்கள்?

சென்ற ஞாயிறு நான் அங்கிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டிலிருப்பவள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மேல்காதில் சின்ன வளையம். "டட்டூ இல்லையே அன்ரி, காதுதானே!"

அக்கா அலுமாரியைத் திறந்து, கண்ணாடியை எடுத்து விரித்து மேசையில் வைத்தாள். அது சரிந்தது.

"இது என்ரை பிள்ளையின்ரை. குத்தத்தான் வேணுமெண்டால் முதல் ஒரு டொக்டரிட்டைக் கேள். சிவந்தால் அண்டைக்கே ஓடு. மஞ்சளெண்ணெய் பூசிக்கொண்டு வீட்டிலை இராதை." கண்ணாடியின் வளைந்த கம்பியைத் தொட்டாள். "நான் பூசினனான்."

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு, அக்காவை ஒட்டி உட்கார்ந்து, இடப்பக்கக் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் காதையே பார்த்தபடி இருந்தாள்.

கண்ணாடி மேசையில் சரிந்தே நின்றது. நான் கை நீட்டவில்லை.