பறிபோன வண்டியின் பழைய சொந்தக்காரன்

ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்தடிக்கும் தேவசகாயம் யார் வயிற்றெரிச்சலுக்கும் பயப்படுகிறவர். அவர்தான் தவணை கட்டாதவர்களிடம் ஃபைனான்ஸ்காரர்கள் பிடித்த பைக் ஒன்றைக் குமுளியில் ஏலத்தில் எடுத்தார். ஓட்டிப் பார்க்க விடவில்லை. உதைத்துக் கிளப்பிக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

மலைக்குக் கீழே கம்பம் ஊரிலிருக்கும் மகளைப் பார்க்க மனைவி கத்தரீனாளும் பின்னால் ஏறினாள். வண்டியைப் பறிகொடுத்த ஜோபி ஏலக் கிடங்கின் கேட்டுக்கு வெளியே நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவசகாயம் அவசரமாக வண்டியைக் கிளப்பினார்.

“திரும்பிப் பாக்காம போங்க. அடிச்சாலும் அடிப்பான்,” என்றாள் கத்தரீனாள்.

மலை இறக்கம் தொடங்கியதும், தோட்டத்து ஆட்கள் எல்லோரையும்போல, பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து வண்டியை உருளவிட்டார். பின்னால் விடாமல் ஹாரன் அடித்துவந்த ஆட்டோ ஒன்று குறுக்கே நின்றது. ஜோபி குதித்து ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

“விட்டுருப்பா! நான் நியாயமாத்தான் எடுத்தேன்,” என்றார் தேவசகாயம்.

“அத யாரு கேட்டா? மொதல்ல என்ஜினப் போடுங்க அண்ணாச்சி! இந்த வண்டிய ஆஃப் பண்ணி எறங்குனா ரெண்டு வளைவுல பிரேக் சூடாகிரும், அப்புறம் பிடிக்காது. அங்கயே சொல்ல வந்தேன், என்னைய உள்ள விடல.”

தேவசகாயம் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். கத்தரீனாள் இறங்கி, ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.