ஆர்ட்ஸ் இடத்துக்கு ஏற்றிய மெழுகுதிரி

கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து, வெள்ளவத்தை மாடிவீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர் றோஸி. மகள் றஷ்மி சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ எடுத்தவள்; உயிரியல் படித்து டொக்டராக ஆசைப்பட்டாள். அவளுடைய பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டுந்தான். அங்கே இரசாயனவியல் ஆசிரியரை நியமிக்க எவருக்கும் அவசரமில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அமைச்சில் ஆளில்லையே.

ஆகவே றோஸி, இடியப்பம் கொடுத்த கையோடு, வெள்ளவத்தையில் ஒரு பெரிய பாடசாலை அதிபரைப் போய்ப் பார்த்தார்.

“பயோவுக்கு எங்கட பிள்ளையளுக்கே இடம் காணாது. ஆர்ட்ஸ் எண்டால் சேர்க்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றார் அதிபர் சுபோதினி.

“யோசிக்க என்ன மிஸ் இருக்கு? சேருங்க!”

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்குரிய நாள். நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய், மகளுக்கு இடம் கிடைக்க வைத்திருந்த நேர்த்தியை முடித்தார்: மெழுகுதிரி, ஏழைகளுக்குப் பாண். ஒழுங்கை முழுக்கச் செய்தி பரவியது.

றஷ்மி சாப்பிடவில்லை.

“ஆர்ட்ஸ் படிக்க நம்மட ஸ்கூலே போதுமே மம்மி. என்னத்துக்கு நன்றி சொல்லிட்டு வந்தீங்க?”

“பெரிய ஸ்கூல் புள்ள...”

“பேர்தான் பெரிசு.”

துறைமுகத்தில் வேலைசெய்யும் கணவர் ஹியூபேட் சிரித்தார். “தொலைஞ்சததான் அந்தோனியார் தேடித் தருவார்டி. களவு போனத பொலிஸ்லதான் சொல்லணும்.”

அதே ஒழுங்கையில் குடியிருக்கும் நான் கோவிலுக்குப் போகிறவன் அல்லன். ஆனாலும் றோஸியின் பக்தியில் குறைகாண மாட்டேன். உரிமையை வரம்போலக் கேட்க அவரைப் பழக்கியது யார்? கேட்டதைக் கொடுக்காமலே நன்றி சொல்ல வைப்பதுதான் இந்த அநீதியின் கெட்டித்தனம்.

மறுநாள் றோஸி மீண்டும் போனார்.

“ஆர்ட்ஸ் வேணாம் மிஸ். பயோ தாங்க.”

“அப்ப இரண்டும் இல்லாமப் போகும்.”

“நேத்தும் ஒண்டும் தரல்லதானே மிஸ். எனக்குத்தான் விளங்கல்ல.”

இடம் கிடைக்கவில்லை. றஷ்மி இப்போது இரண்டு பஸ் மாறி, கொலன்னாவைக்கும் அப்பால் போய் விஞ்ஞானம் படிக்கிறாள். அங்கே ஆசிரியர் இருக்கிறார். ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது.

றோஸியோ செவ்வாய்க்கிழமைகளில் கல்வி அலுவலகத்துக்குப் போகிறார். கொட்டாஞ்சேனைக்கு எப்போது இரசாயனவியல் ஆசிரியர் வருவார் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாங்கிலில் உட்கார்ந்திருக்கிறார். அவரோடு இப்போது வேறு தாய்மாரும் போகிறார்கள்.

“அந்தோனியார் கோவிக்க மாட்டாரா?” என்று கேட்டேன்.

“அவர்தான் இங்க அனுப்பினாரு. இது அவருட டிபார்ட்மெண்ட் இல்லையாம்.”