ஆடியில் மாட்டாத ஜன்னல்

"ஆனி 27, வியாழன். முன்னறை ஜன்னலை நாளை கழற்றுகிறார்கள். அக்கா கட்டிலை உள்ளறைக்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் போதும்." என் நாட்குறிப்பில் நான் எழுதிய வரிகள் இவை. 'இரண்டு நாள்' என்பதன் கீழே அடிக்கோடும் இழுத்திருக்கிறேன். தேதிகளில் தவறு செய்யாதவன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பக்கத்தைத் திறந்தால் இப்போது அடிக்கோடுதான் முதலில் கண்ணில் படுகிறது.

போடியில் எங்கள் வீடு ஏலக்காய் ஸ்டோர்களுக்குப் போகும் தெருவில் இருக்கிறது. அக்கா அந்த ஸ்டோர் ஒன்றில் காய் தரம் பிரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். கணவர் போனபின் எங்களோடு வந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். முன்னறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுத் தலையணையை உயர்த்தி வைத்தோம். காலையில் ஸ்டோருக்குப் போகிற பெண்களும் மாலையில் திரும்புகிற பெண்களும் அந்தக் கம்பிகளுக்கு வெளியே அரை நிமிடம் நிற்காமல் போனதில்லை. நிற்காதவர்களை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவாள்.

"ஏத்தா, நேத்து கட்டுன சேலையோடயே போறியே, உங்க தெருவுல தண்ணி வரலையா?"

"படுத்துக்கிட்டே இம்புட்டு பாக்குறீகளே மதினி, எந்திரிச்சு உக்காந்துட்டா நாங்க எங்கன போயி ஒளியிறது?"

நான் அடுத்த அறையில் பழைய ஊர்க் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு, சத்தம் அதிகம் என்று முகம் சுளித்திருக்கிறேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

ஜன்னல் கட்டையைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போகும். போடிமெட்டு மலைப் பக்கமிருந்து ஆடிக் காற்று இறங்குமுன் மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஜன்னல் கம்பெனியிலிருந்து அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஜன்னலைச் சுற்றி மூன்றடிக்குப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, திரைச்சீலையைக் கழற்ற வேண்டும், சுவரில் மாட்டியவற்றை இறக்க வேண்டும், பீரோவைப் பழைய துணியால் மூட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்து பக்கத்தில் டிக் அடித்தேன். ஜன்னல் விளிம்பிலிருந்து அக்காவின் பவுடர் டப்பா, சிறு கண்ணாடி, வெற்றிலைச் செல்லம், சுடுதண்ணீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே 'ஜன்னல்' என்று எழுதினேன். உள்ளறை என்பது அரிசி மூட்டையும் பண்டிகைப் பாத்திரங்களும் கிடக்கும் அறை. விட்டத்தை ஒட்டி ஒரு வெண்டிலேட்டர் மட்டும் உண்டு. கட்டிலோடு தூக்கிப் போனபோது அக்கா, "சாமான் ரூமுக்குத்தானடா, சாமானோட சாமானா இருந்துட்டுப் போறேன்" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பழைய ஜன்னலைப் பெயர்த்தபோது கரையான் தின்ற மண்ணோடு சுவரும் நாலு விரல் அளவுக்கு உதிர்ந்தது. கொண்டுவந்த புது ஜன்னல் அந்த ஓட்டையில் லொடலொடவென்று ஆடியது. வேறு அளவில் செய்து வருவதாகச் சொல்லி, பிளைவுட் பலகை அடித்து, தார்ப்பாய் கட்டிவிட்டுப் போனார்கள். காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. முன்னறை முழுக்கச் செங்கல் தூசி, சிமெண்ட் மூட்டை.

ஆடி 3, வெள்ளி. ஜன்னல் மாட்டுகிறவர் போனில் வந்தார். "சார், அளவு சரியா ரெடியாயிருச்சு. நாளைக்கே வந்து மாட்டிரட்டுமா?"

அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "ஆடியில போயி நிலை வைப்பாகளா? வீட்டுக்குள்ள ஒரு உசுரு படுத்துக் கெடக்கு. அதுக்கு ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்பதற்கு ஆதாரம் தேடிப் பல புத்தகங்கள் பார்த்தவன் நான். எதுவும் கிடைக்கவில்லை என்று குறித்தும் வைத்திருக்கிறேன். ஆனாலும் போனில், "ஆவணி பிறக்கட்டும்" என்றேன். நம்பிக்கையால் அல்ல. அவள் சொன்னபடி ஏதாவது நடந்து தொலைத்தால் பழி என் மேல் வரும் என்ற பயத்தால். அக்காவுக்காகத்தான் இத்தனையும் பார்த்தோம். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்: "வாசல் நிலைக்குத்தாண்டா நாளு கெழமை பாப்பாக. ஜன்னலுக்கு எவன் பாத்தான்? வரச் சொல்லுடா."

"இன்னும் இருபத்தேழே நாள்தானக்கா" என்றேன். அவள் கேட்டது என்ன, நான் கொடுத்த பதில் என்ன. ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் ஆறுதல் சொன்னதாகவே நான் எப்போதும் நினைத்துவிடுகிறேன்.

உள்ளறைக்கு மாற்றிய முதல் வாரம் ஸ்டோர்ப் பெண்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். செருப்பைக் கழற்றி, கூடம் தாண்டி, கட்டில் ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "சாப்பிட்டீகளா, மாத்திரை போடுறீகளா" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களைப் போலிருந்தது. ஜன்னலில் அக்கா வம்புக்காரி, உள்ளறையில் நோயாளி. அதன்பின் அவர்கள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நடக்கிற போக்கில் நின்று பேச அரை நிமிடம் போதும். ஒரு வீட்டுக்குள் வந்து திரும்ப ஒரு காரணம் வேண்டும். அதுவரை தினமும் என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, ஆடி பாதிக்கு மேல் அதை நிறுத்தினாள். பிறகு கஞ்சியைப் பாதியில் ஒதுக்கினாள். டாக்டர் வந்து பார்த்து, வயசு என்றார்.

ஆடி 29, புதன்கிழமை காலை போய்ச் சேர்ந்தாள். ஆவணி பிறக்க மூன்று நாள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஜன்னலைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மணியைப் பார்த்துக் குறித்தேன்: ஒன்றரை மணி நேரம். வெள்ளை ஜன்னல். மூடினால் தெருச் சத்தம் துளியும் கேட்பதில்லை. நான் கேட்டு வாங்கிய வசதி அது. இப்போது அந்த அறையில் உட்கார்ந்து எதையும் படிக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. காரியத்துக்கு வந்த ஸ்டோர்ப் பெண் ஒருத்தி, இலையை மடித்துவிட்டு எழுந்தபோது என்னிடம் சொன்னாள்: "ஒரு நா சாயங்காலம் இந்த வழியா போறப்ப, உள்ளுக்குள்ள இருந்து எம் பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுண்ணே. டிவி ஓடுதுன்னு நெனச்சுப் போயிட்டேன்." என்ன கிழமை என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். மனைவியைக் கேட்டேன், அக்கா சத்தம் போட்டுக் கூப்பிட்டதாக அவளுக்கும் தெரியவில்லை. அந்த மாலைகளில் நான் வீட்டில்தான் இருந்திருக்கிறேன். குறிப்பேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. அக்கா கூப்பிட்டாளா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படவில்லை.