ஊசித் தாத்தா

பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் சும்மா உட்கார்ந்து அலுத்துப்போய், கடலூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் நிர்வாகப் பயிற்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். விளம்பரத்தில் வயது வரம்பு போட மறந்துவிட்டார்கள். எனக்குப் பயிற்சி தரவேண்டிய மேலாளர் என் மகளைவிடச் சின்னவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும், யாரோ ஒரு குழந்தையின் தாத்தா என்று நினைத்து, பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான் என்று பணிவாகச் சொல்லி வெளியே உட்காரவைத்துவிட்டார். நானும் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியில் ஆளுக்கொரு பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தது சாப்பாடு. வார்டுக்குப் போகும் இட்லியும் ரசம் சாதமும் பாதிக்கு மேல் அப்படியே திரும்பின. காரணம் கண்டுபிடிக்க, சாப்பாட்டு நேரத்தில் கட்டில் கட்டிலாக நடந்தேன். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் தடித்த பேனா. ஒரு அம்மா பிள்ளையிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்தா, ஊசித் தாத்தா வராரு. வாயத் தொற."

பிள்ளை வாயைத் திறந்தது. தட்டு காலியானது.

நான் ஊசித் தாத்தா இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் இன்னும் நிமிர்ந்து நடந்தேன். அம்மாக்கள் என்னைக் கைகாட்டினார்கள். நானும் பேனாவை லேசாகத் தொட்டுக்கொண்டேன். கல்லூரியில் அத்தனை வருடம் கத்தியும் கிடைக்காத அமைதி, கட்டிலோரம் நின்றாலே கிடைத்தது. தட்டுகள் சுத்தமாகத் திரும்பின. கூட்டத்தில் எல்லோரும் பாராட்டியபோது, இட்லியைச் சின்னதாக ஊற்றச் சொன்னதுதான் காரணம் என்றேன். செவிலியர்கள் குனிந்து சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வயிற்றுவலியும் காய்ச்சலுமாக ஒரு நாலு வயசுப் பெண் வந்து சேர்ந்தாள். காய்ச்சல் இறங்கியது. மருத்துவர் வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றாள். அமுக்கிப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்றாள். இட்லியை மறுக்காமல் விழுங்கினாள். மருத்துவர் வருவதும் சாப்பாட்டு நேரத்தையொட்டித்தான்; ஒவ்வொரு முறையும் கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றிருந்தேன், என் இட்லியின் வெற்றியைப் பார்க்க. வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானது. அம்மா பையைக் கட்டிவிட்டு, சிதம்பரம் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடமே விசாரித்தார்.

மேலாளர் வழக்கம்போல் வழியனுப்ப வந்தார். இப்போ எப்படிம்மா இருக்கு என்று குழந்தையிடம் கேட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தாள். மேலாளர் அதைக் கவனித்துவிட்டார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

இரண்டாம் முறையாக என்னை வெளியே அனுப்பினார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். மேலாளர் மறுபடியும் அதையே கேட்டார். அப்புறம் குழந்தை அழ ஆரம்பித்தாள், இங்க வலிக்குது, ரொம்ப வலிக்குது என்று. ஏன்டி இவ்ளோ நாளும் சொல்லல என்று அம்மாவும் அழுதார்.

"ஊசித் தாத்தா நின்னாரே."

மருத்துவர் ஓடி வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள், குடல்வால் பழுத்திருந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டாள். பஸ் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கண்டிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மேலாளர் மட்டும், அப்போ இட்லிய பழையபடி பெருசாவே ஊத்தலாமா சார் என்று கேட்டார். அதன்பின் சாப்பாட்டு நேரத்தில் நான் வார்டுக்குப் போகவில்லை. தட்டுகள் மறுபடியும் பாதியாகத் திரும்பின. என் ஆய்வில் கிடைத்த ஒரே உண்மையான தகவல் அதுதான்.

தையல் பிரித்த நாளில் மன்னிப்புக் கேட்கப் போனேன். வண்ணச் சட்டை போட்டு, பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் நன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள்.

இப்போதும் அவள் பரிசோதனைக்கு வரும் நாட்களில் நான் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். மேலாளர் போன் செய்வார்.

"சார், அவுங்க பஸ் ஏறிட்டாங்க. நீங்க உள்ள வரலாம்."