நம்பருக்கு நடுவிலிருந்த புள்ளி

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாக ஆலையில், எதையும் வாய்விட்டுப் படிக்கிற ஓர் அக்கா இருந்தார். கனத்த கண்ணாடியும் முழங்கைவரை ரப்பர் உறையுமாக நின்று, கழிவறைக் கதவில் ஒட்டியதைக்கூட உரக்கப் படிப்பார். லைனில் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆலையின் தமிழ் அறிவிப்புகளில் எழுத்துப்பிழை திருத்த நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அது திருத்திய பலகைகளை மாட்டிய அன்றுதான் அக்காவை, உதிரிபாகங்களை அமிலத்தில் கழுவும் தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். அமிலக் கேனின் மூடியைத் திறந்துகொண்டே படித்தார்: "தொட்டியில் பதினஞ்சு லிட்டர் ஊற்றவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கொடுத்தது 1.5.

"ஊத்தாதீங்கக்கா! ஒன்றரைதான்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிழைகளோடு சேர்த்து நிறுத்தற்குறிகளையும் என் புரோகிராம் துடைத்துவிட்டிருந்தது.

அவர் கேனைத் திருகி மூடிவிட்டுப் பலகையைப் பார்த்தார். "எழுத்து மேல வுட்டுப்போன புள்ளியெல்லாம் கரெக்டா வெச்சிகீது. நம்பருக்கு நடுவுல இருந்தத துன்னுடுச்சா?"

"ஆமாக்கா."

"ஒரு சொட்டுகூட ஊத்தல. நீ மொதல்ல குந்து சார்."

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. குறிகளை இருந்த இடத்திலேயே விட்டு, எழுத்துகளை மட்டும் தொடும்படி புரோகிராமை அன்றே மாற்றினேன். அமிலம் பொங்கியிருந்தால் அவர் முகத்தில்தான் தெறித்திருக்கும். என்மேல் அவருக்கு ஏன் கோபமே வரவில்லை என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.