முப்பத்துநாலு பூச்சு

இருபத்தாறு வருடங்களில் வில்மா அப்போலிஸ் விலை சொன்ன துறைமுகப் படங்கள் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு. அவற்றில் வரைந்தவர் யார் என்று தெரிந்தவை இருநூறு கூடத் தேறாது. மற்ற எல்லாவற்றுக்கும் படிவத்தில் ஒரே வரிதான் எழுதுவாள்: ‘வரைந்தவர் தெரியவில்லை.’

கேப் டவுனில் ஓர் ஏலக் கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கால்க் பே மீனவர் குடியிருப்பில் வளர்ந்தவள் என்று தெரிந்ததும், துறைமுகப் படம் எது வந்தாலும் அவள் மேசைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். படத்தில் படகைக் கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்தே, வரைந்தவர் கரையில் நின்றாரா, ஹோட்டல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாரா என்று சொல்லிவிடுவாள்.

மாதத்தின் முதல் புதன்கிழமை கால்க் பே தேவாலயக் கூடத்தில் இலவச மதிப்பீடு. அந்த ஏப்ரலில் தொண்ணூறு பேர் வரிசையில் நின்றார்கள். தாத்தா காலத்துக் கடிகாரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்ற ஒருவரிடம், அது தங்கமில்லை, பித்தளை என்று வில்மா சொன்னதும், பின்னாலிருந்த பெண், “அதான் உங்க வீட்ல திருடனே வரல” என்றாள். வரிசையே சிரித்தது.

அடுத்து வந்தவர் ரெமி பாஸ்குவால். எழுபத்தாறு வயது. வில்மாவின் அப்பாவோடு கடலுக்குப் போன கான்ராட் பாஸ்குவாலின் மனைவி. கான்ராட் இறந்து பதினான்கு வருடம் ஆகிறது. மேசைவிரிப்பில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்திருந்தார். விஷயத்தை மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவர்களுடைய படகு ஸ்டெல்லாவின் எஞ்சின் போய்விட்டது. ஜூனுக்குள் வேறு எஞ்சின் வாங்காவிட்டால் ஸ்னூக் மீன் வரும் பருவத்தில் மகன் நெவில் கரையில்தான் நிற்க வேண்டும். வீட்டில் விற்பதற்கு என்று இருப்பது இது ஒன்றுதான்.

வில்மா வழக்கம்போல் முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பழைய துணி, துருப்பிடித்த ஆணிகள், பெயர் எதுவும் இல்லை. முன்பக்கம் திருப்பினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கால்க் பே. அலைத்தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் தண்ணீரை அப்படி வரைய, அதை நின்று பார்த்திருக்க வேண்டும். நல்ல கை. ஆனால் நடுவில் இருந்த படகு மட்டும் தனியாகப் புடைத்துக்கொண்டு நின்றது. பளபளவென்று மஞ்சள், அதில் சிவப்புப் பட்டை, முனையில் ‘ஸ்டெல்லா’ என்ற பெயர். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். இது ஓவியருடைய வண்ணமே இல்லை. படகுக்கு அடிக்கும் பெயின்ட்.

“ஆன்ட்டி, இத யாரு பூசுனது?”

“எங்க வீட்டுக்காரர்தான்” என்றார் ரெமி, இது என்ன கேள்வி என்பதுபோல. படகு வாங்கிய எழுபத்துநாலாம் வருடம்தான் இந்தப் படத்தையும் பழைய சாமான் விற்பனையில் வாங்கினாராம் கான்ராட். வருடா வருடம் ஸ்டெல்லாவைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்து முடித்ததும், டப்பாவில் மிஞ்சியதைக் கொண்டுவந்து படத்தில் இருக்கும் படகுக்கும் அடிப்பாராம். “போன வருஷப் பெயின்ட்டோட படகு நிக்கலாமா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்கன்னு கேப்பாரு. சுவத்துல இருக்கறத யாரு பாக்கப் போறான்னு நான் திட்டுவேன்.”

வில்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். படம் இப்படியே ஏலத்துக்குப் போனால் ஐயாயிரம் ராண்ட் வரும். அடியில் பழைய வார்னிஷ் இருப்பதால் மேல்பூச்சைச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். எடுத்தால் நாற்பத்தைந்தாயிரம் வரை போகும், எஞ்சினுக்குப் போதும். ஆனால் எடுப்பது முழுக்கக் கான்ராட்டின் கைவேலை. ஐயாயிரம் என்று மட்டும் சொல்லிவிட்டால், ரெமி படத்தைத் திரும்பச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வரிசை நகரச் சொல்லி முணுமுணுத்தது. அவள் இரண்டு விலையையும் சொன்னாள், எது போனால் எது வரும் என்பதையும் சொன்னாள்.

ரெமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியால் மஞ்சளைத் தொட்டார்.

“வருஷா வருஷம் படக முழுசாச் சொரண்டிட்டுத்தான் அடிப்பாரு. பழசு மேல புதுசு நிக்காதுன்னு எல்லாருக்கும் பாடம் எடுப்பாரு. இத மட்டும் சொரண்டவே இல்ல பாரு, சோம்பேறி.” மூக்கை உறிஞ்சினார். “சொரண்டச் சொல்லும்மா. அவரு செய்யாம விட்ட வேலைதானே.”

படம் பழுதுபார்ப்பவரிடம் வில்மாவே போய் ஒன்று கேட்டுக்கொண்டாள். அவர்கள் தொழிலில், வண்ண அடுக்கு எத்தனை என்று பார்க்க ஒரு துணுக்கை வெட்டியெடுத்துக் கண்ணாடி மாதிரியான பிசினில் பதித்துத் தேய்ப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்றாள். பெயின்ட்டை எடுத்ததும் அடியில் பழுப்புப் பாயோடு ஒரு சின்னப் படகு இருந்தது, பெயரில்லாமல்.

மே மாதம் படம் நாற்பத்தோராயிரத்துக்குப் போனது. பணத்தோடு கட்டைவிரல் நகம் அளவிலான அந்தத் துண்டையும் வில்மா குடியிருப்புக்கு எடுத்துப்போனாள். ரெமி வில்மாவின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சள், நீலம், வெள்ளை, மறுபடி நீலம் என்று மெல்லிய கோடுகள்.

“எண்ணிப் பாத்தோம் ஆன்ட்டி. முப்பத்துநாலு.”

“எழுபத்துநாலுலேருந்து அவரு போன ரெண்டாயிரத்து எட்டு வரைக்கும்னா முப்பத்தஞ்சு வரணுமே?” ரெமி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். அப்புறம் கண்ணாடியை இறக்கினார். “எண்பத்தொண்ணு விட்டுப்போச்சு. நெவில் பொறந்தப்ப நான் அஞ்சு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தேன். அவரு எங்கயும் போகல, பக்கத்துலயே உக்காந்திருந்தாரு.”

இருவரும் காபி குடித்தார்கள். வில்மா கிளம்பும்போது, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் முதல் கோடு என்ன நிறம் என்று ரெமி கேட்டார். கண் மங்கலாகத் தெரிகிறதாம். பச்சை என்றாள் வில்மா.

எஞ்சின் பொருத்தியாகிவிட்டது. நெவில் படகை முழுசாகச் சுரண்டி, பச்சை அடித்து முடித்துவிட்டான். திங்கட்கிழமை விடியுமுன் ஸ்டெல்லா கடலுக்குப் போகிறது.